மண்ணில் புதைத்த ஒயின்

காசிநாதன் கப்பலில் இருந்து திரும்பி வந்த மறுநாள், பாரதி அவனுக்கு ஒரு டம்ளர் ரசம் ஊற்றிக் கொடுத்தாள். அவன் டம்ளரின் அடியை இரண்டு விரலால் பிடித்து, மெல்லச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். சாமி வந்துவிட்டதோ என்று அவள் பயந்தே போனாள். கண்ணைத் திறந்தவன், "புளி பழசு. தக்காளியில உயிரே இல்ல" என்று சொல்லி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் டம்ளரைத் தள்ளி வைத்தான். கொரோனாவில் கடையெல்லாம் அடைத்துக் கிடக்க, தியாகதுருகம் வரை வெயிலில் நடந்துபோய் அவள் வாங்கி வந்த தக்காளி அது. அன்றைக்கு அவள் மனசில் விழுந்த வெறுப்பு அதற்கப்புறம் ஒரு நாளும் குறையவில்லை.

ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டி வயிறு வளர்த்தவர்கள். பையன் சாதிச் சான்றிதழோடு போய் அரசாங்கக் கேட்டரிங் படிப்பில் இடம் வாங்கினான். ஏஜெண்டைப் பிடித்து, சொகுசுக் கப்பலில் எச்சில் தட்டு எடுக்கிற வேலைக்குப் போனான். அங்கே தட்டில் இருந்து கிளாசுக்கு முன்னேறினான். எந்தச் சாப்பாட்டோடு எந்த ஒயினைக் குடிக்கலாம் என்று பணக்காரனுக்குச் சொல்லி ஊற்றிக் கொடுக்கிற வேலை. அதற்கு சொம்மெலியே என்று பெயராம். ஊரில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. "பார்ல ஊத்திக் குடுக்கிறான்" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள். இதுவரைக்கும் தப்பொன்றும் இல்லை. உழைத்தான், முன்னுக்கு வந்தான், பாரதியைக் கட்டிக்கொண்டான்.

வினை பிரான்சில் பிடித்தது. ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, தாடிக்காரன் ஒருவன் இவனைத் தன் வீட்டு நிலவறைக்குக் கூட்டிப்போய், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக ஒன்றை ஊற்றிக் கொடுத்திருக்கிறான். இயற்கை ஒயின். மருந்து கிடையாது, ஈஸ்ட் சேர்ப்பது கிடையாது, வடிகட்டுவது கிடையாது. பழத்தோலில் ஒட்டியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத காட்டுப் பூஞ்சை தானாகப் புளிக்க வைப்பது. அதைக் குடித்ததும் இவனுக்கு ஜென்மம் கடைத்தேறிவிட்டது. அன்று தொடங்கி மற்ற ஒயினெல்லாம் செத்த ஒயின். வடிகட்டினவன் எல்லாம் கொலைகாரன். கப்பலில் நல்ல ஒயின் கேட்டு வந்த கிழவர்களிடம் போய், "இதில் குதிரை லாயத்தின் வாசனை வரும், ஈர வைக்கோல் வரும், கடைசியில் ஆப்பிள் அழுகின மணம் நிற்கும்" என்று சொல்லித் தலையில் கட்டியிருக்கிறான். அவர்களும் காசு கொடுத்துக் குடித்திருக்கிறார்கள். மாட்டுக்கொட்டாய் நாற்றத்துக்குக் காசு கொடுக்கிறவன் உலகத்தில் இருக்கிறான் என்பதே பாரதிக்குப் புதுச் செய்தி.

கொரோனா வந்தது. கப்பல் நின்றது. அந்தப் பெரிய மூக்கு, பாரதியின் அப்பா அவள் பெயருக்கு எழுதி வைத்த ஓட்டு வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

உட்கார்ந்தது சும்மா இருந்தால் பரவாயில்லை. சர்புதீன் பாய் கடையில் திராட்சையை எடுத்து முகர்ந்து, "இதெல்லாம் மருந்துல குளிச்சது" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, அந்த நல்ல மனுசன் முகத்தைச் சுண்ட வைத்தான். டீக்கடையில் டீத்தூள் கருகிவிட்டதாகச் சொன்னான். கல்யாண வீட்டில் பாயசத்தில் சமநிலை இல்லை என்றான். சமநிலை என்றால் இன்னா என்று கேட்டால், ஒரு சிரிப்பு சிரிப்பான். உனக்கெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்கிற சிரிப்பு. பாரதி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பல்லைக் கடிக்க ஒரு காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிப்போய் டைப்ரைட்டிங் கற்று, ராத்திரி பகல் பார்க்காமல் படித்து, இரண்டு தடவை கோட்டை விட்டு, அந்த வருசம்தான் அரசுத் தேர்வில் தேறியிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்துவிட்டது. தட்டச்சர் வேலை. நியமன ஆணை தபாலில் வரவேண்டும், அவ்வளவுதான் பாக்கி. கரும்புக் கொல்லையும் கப்பலும் இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெயரில் வாங்கப்போகிற சம்பளம். அது கைக்கு வரும்வரை வீட்டில் ஒரு சத்தம் வரக்கூடாது, ஒரு சண்டை வரக்கூடாது, குறிப்பாகப் போலீஸ் படி மிதிக்கக்கூடாது என்று அவள் கவனமாக இருந்தாள். பெயரில் ஒரு கேஸ் ஏறினால் போதும், எல்லாம் போச்சு.

இந்த நேரம் பார்த்துத்தான் காசிநாதன் கல்வராயன் மலைக்கு பைக்கை விட்டான்.

மலையில் மருந்து படாத சீத்தாப்பழமும் காட்டு இலந்தையும் கிடைக்கும், அதன் தோலில்தான் உயிருள்ள பூஞ்சை இருக்கும் என்று யாரிடமோ கேட்டு வந்தான். மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து பின்கட்டுக் கொட்டாயில் கொட்டினான். ஊர் முழுக்கப் பால் பாக்கெட்டைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த காலம். பாரதி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கழுவாத. கழுவினா செத்துரும்" என்றான்.

"எறும்பு மொய்க்குதுங்க. பழத்துல புழு வேற நெளியுது."

"அதுவும் இயற்கைதான்" என்றான்.

அதோடு நின்றானா. ஜார்ஜியா என்கிற தேசத்தில் எட்டாயிரம் வருசமாக ஒயினைப் பெரிய மண் ஜாடியில் ஊற்றி, கழுத்து வரை மண்ணில் புதைத்து வைப்பார்களாம். இவன் குயவரிடம் சொல்லிப் பெரிய பெரிய பானையாக வாங்கி, கொட்டாயில் குழி தோண்டி இறக்கி, பழத்தைப் பிசைந்து போட்டு, தட்டு மூடி, மேலே வைக்கோலைப் பரப்பினான்.

பாரதி ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எவரும் அதைத்தான் செய்வார்கள். கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சுகிறவன் ஊறலை எங்கே வைப்பான்? மண்ணில் புதைத்துத்தான் வைப்பான். போலீஸ்காரன் மலை ஏறினால் முதலில் என்ன செய்வான்? தடியால் தரையைக் குத்திப் பார்ப்பான். கைப்பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, ஏழு கடலையும் சுற்றி வந்தவனுக்குத் தெரியவில்லை.

"ஏங்க, இத பாத்தா ஊறலுன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு ஆர்டர் வர்ற நேரங்க. வோணாங்க."

"ஊறலா?" காசிநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவனுங்க வெல்லத்தயும் பட்டையயும் போட்டுக் காய்ச்சறானுங்க. இத அதோட சேத்துப் பேசற பாரு. உன்ன சொல்லிக் குத்தமில்ல. நாக்குன்னு ஒண்ணு இருந்தாத்தான தெரியும்."

தினமும் சாயங்காலம் அவன் கொட்டாயில் மண்டி போட்டு, பானை வாயில் காதை வைத்து, நுரைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்திருந்தால் அதற்குக்கூட இவ்வளவு காது கொடுத்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றும். முன்னால் ஒரு தரமாவது அவன் தன் மூக்கைத் தவிர வேறு எதையாவது நேசித்தானா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் சூடு பிடித்திருந்த மாதங்கள் அவை. தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர் ஊராக மனுக் கொடுப்பதும், கொடி கட்டிய வேன் போவதும், ஆர்ப்பாட்டமும் நடந்துகொண்டிருந்தது. பாரதியின் சித்தப்பா ஆதிமூலம் அதில் முன்னணி. எண்பத்தேழில் இதே ஒதுக்கீடு கேட்டு மரம் வெட்டிச் சாலையில் போட்ட காலத்திலேயே இளந்தாரியாக உள்ளே போய் வந்தவர். ஒரு நாள் மனுவில் கையெழுத்துக் கேட்டு மருமகனிடம் வந்தார்.

காசிநாதன் கையெழுத்துப் போடவில்லை. "தகுதி இருந்தா மேல வரட்டும் மாமா. யார் யாரயோ உள்ள வுட்டா தரம் போயிரும்" என்றான்.

ஆதிமூலம் வாயைத் திறந்தபடி நின்றார். அவர் சொல்ல நினைத்ததைப் பாரதி அடுப்படியில் இருந்து சொல்லிவிட்டாள். "உங்களுக்கு கேட்டரிங் சீட்டு எதுல கெடச்சுதுங்க?"

"அது வேற" என்றான் காசிநாதன்.

தை பிறந்து சில நாள் கழித்து, கள்ளக்குறிச்சியில் பெரிய ஆர்ப்பாட்டம் என்று அறிவித்திருந்தார்கள். முந்தின நாளே முன்னணி ஆட்களைப் பிடித்து மண்டபத்தில் வைக்கப் போலீஸ் கிளம்பியது. காலை இட்லி வேகிற நேரத்துக்கு ஜீப் தெருவுக்குள் வந்தது. ஆதிமூலம் வேலி தாண்டி ஓடி வந்து, வேறு இடமே இல்லாதது மாதிரி, பாரதி வீட்டுக் கொட்டாயில் வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டார்.

எஸ்.ஐ. பின்னாலேயே வந்துவிட்டார். வைக்கோலில் இருந்து கால் தெரிந்தது. ஆதிமூலத்தை மரியாதையாகவே எழுப்பினார்கள், அவரும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு மரியாதையாகவே எழுந்தார். அத்தோடு முடிந்திருக்கும். வேறு யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று ஒரு போலீஸ்காரர் பழக்க தோசத்தில் தடியால் வைக்கோலைக் குத்தினார். டொக் என்றது. இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் டொக். அவர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. வைக்கோலைக் காலால் ஒதுக்கித் தட்டை எடுத்தார். குப்பென்று அடித்த வாடையில் அவர் மாஸ்க்கையும் மீறி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாரு வூடு இது?"

"என் வூடுதாங்க" என்றாள் பாரதி. "பழக்காடிங்க. பயிருக்கு அடிக்கிறது. அழுகின பழத்த ஊற வெச்சு, தண்ணி கலந்து தெளிச்சா பூ கொட்டாதுன்னு சொன்னாங்க."

சொன்னது அப்படியே பொய்யும் இல்லை. இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் இப்படித்தான் பழத்தை ஊற வைப்பார்கள். ஆதிமூலம் பிடிபட்ட நிலையிலும் கெட்டிக்காரர். "ஆமா சார், என் கத்திரிக்கும் கேட்டு வெச்சிருக்கேன்" என்றார். போலீஸ்காரரும் தலையாட்டினார். அவருடைய மச்சான் கொல்லையிலும் இப்படி டிரம் டிரம்மாக இருக்கிறதாம்.

காசிநாதன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பாரதி அவனைப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள் என்றே சொல்ல வேண்டும், கல்யாணமான நாளில் இருந்து அப்படி அவனை அவள் பார்த்ததில்லை. அவனும் அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லி அவனைத் தப்பவிட முடியாது.

எஸ்.ஐ. தட்டைத் திரும்ப மூடினார். போகிறபோக்கில், நல்ல மனசோடுதான், "நல்லா அழுகியிருக்கும்மா. இன்னும் கொஞ்சம் சாணி கலந்தீங்கன்னா பயிருக்கு எடுக்கும்" என்றார்.

சாணி என்ற சொல் காசிநாதன் காதில் விழுந்தது.

"அழுகல சார்" என்றான்.

பாரதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது உரம் இல்ல சார். ஒயின். நேச்சுரல் ஒயின். ஒரு நிமிசம் இருங்க." வீட்டுக்குள் ஓடி, பீரோவில் துணி சுற்றி வைத்திருந்த வயிறு பெருத்த கண்ணாடிக் கிளாசை எடுத்து வந்தான். அகப்பையால் மொண்டு ஊற்றினான். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். "கலங்கலா இருக்குன்னு நெனைக்காதீங்க. வடிகட்டாததால அப்படி. அதான் அழகே. மொதல்ல மூக்க உள்ள வுடுங்க. ஈர மண்ணு வரும், அப்புறம் லேசா மாட்டுக்கொட்டாய் வரும், பயப்படாதீங்க, அப்புறம்தான் சீத்தா தலைய காட்டும்."

எஸ்.ஐ. கிளாசையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ குடிக்கிற சரக்கு?"

"சரக்குன்னு சொல்லாதீங்க சார். நோவுது."

"போதை வருமா?"

"பன்னெண்டு சதவீதம் வந்திருக்கும்" என்றான் காசிநாதன், பெருமையோடு.

அடுத்தது நடக்க வேண்டிய முறைப்படி நடந்தது. எஸ்.ஐ. முகம் மாறியது. பேப்பரை எடுக்கச் சொன்னார். வீடு யார் பெயரில் என்று மறுபடி கேட்டார். "அந்தம்மாவும் ஒடந்தையா?" என்றார் போலீஸ்காரர். தட்டச்சர் வேலையும் நாற்காலியும் சம்பளமும் அந்தக் கேள்வியில் தொங்கின.

காசிநாதனுக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். "அவளா?" என்றான். "அவளுக்கு இதுல ஒரு துளி பங்கு கெடையாது சார். அவளுக்கு இன்னா தெரியும்? பழத்த கழுவ வந்தவ. கிளாசப் புடிக்கத் தெரியாது, மோந்து பாக்கத் தெரியாது. மலைக்குப் போனது நான். பானைய எறக்கினது நான். புளிப்பு பாத்தது நான். மொத்தமும் என் ஒருத்தன் கைவேலை. அப்படியே எழுதிக்கோங்க."

எஸ்.ஐ.க்கும் அதுதான் வசதி. பெண்ணைக் கைது செய்ய மகளிர் போலீஸ் வேண்டும், அவர்கள் எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். மனைவிக்குத் தெரியாமல் தான் மட்டுமே செய்ததாக ஒப்புக்கொண்டான் என்று அவர் சொல்லச் சொல்ல, போலீஸ்காரர் எழுதினார்.

"தெரியும் சார்" என்று குறுக்கே விழுந்தான் காசிநாதன். "தெரியும், ஆனா புரியாது. அப்படி எழுதுங்க."

"யோவ், வாய மூடிக்கினு கையெழுத்து போடு" என்றார் எஸ்.ஐ.

பானைகளை உடைத்தார்கள். பழச்சாறு கொட்டாயில் இருந்து தெருச் சாக்கடை வரை ஓடியது. பொண்டாட்டியின் வேலை போகவிருந்தபோது கலங்காத கண், அப்போது கலங்கியது. சித்தப்பனும் மருமகனும் ஒரே ஜீப்பில் போனார்கள், ஒருவர் கோசம் போட்டபடி, ஒருவன் மூக்கைச் சிந்தியபடி.

ஆதிமூலம் மறுநாள் சாயங்காலமே மண்டபத்தில் இருந்து வந்துவிட்டார். காசிநாதன் கிளைச் சிறையில் இருந்து ஜாமீனில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கதை ஊரைச் சுற்றிவிட்டது. சொன்னவர் ஆதிமூலமேதான், அவர் தன் கண்ணால் பார்த்தவர் அல்லவா. "பாரதிக்கு கவருமெண்ட் வேலை வரப்போவுதுன்னு, பழிய மொத்தமும் தன் தலைல போட்டுக்கினான்யா எங்க மாப்ள. அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு அடிச்சு சொல்லிட்டான். அவளத் திட்டற மாதிரி திட்டி காப்பாத்திட்டான்." டீக்கடை குஞ்சம்மாள் இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் புருசனுக்கும் அப்படி ஒரு குணம் இருக்கக்கூடாதா என்றாள். சர்புதீன் பாய் கடைக்கு வந்த பாரதியிடம், "அவசரப்பட்டு தப்பா நெனச்சுட்டேம்மா. தங்கமான மனுசன்" என்று சொல்லி, ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பைக்குள் போட்டார்.

பாரதிக்கு ஆணை வந்தது. ரிஷிவந்தியத்துக்குப் போய் வேலையில் சேர்ந்தாள். அங்கேயும் கதை அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. "உங்க ஊட்டுக்காரர் மாதிரி யாருங்க வருவாங்க" என்று பக்கத்து நாற்காலிக்காரி சொன்னபோது, அவளுக்கு நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் போல வாய் ஊறியது. சொல்ல முடியாது. மனைவிக்குத் தெரியாமல் என்று கேஸில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியின் மேல்தான் அவள் நாற்காலி நிற்கிறது. அவன் தியாகி இல்லை என்றால், அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று ஆகிவிடும். அதனால் சிரித்து வைத்தாள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொருவரிடமும் சிரித்து வைத்தாள்.

காசிநாதன் வந்து இறங்கியபோது தெருவே அவனைப் பார்த்த பார்வையில் முதலில் குழம்பித்தான் போனான். இரண்டொரு நாளில் விசயம் விளங்கிவிட்டது. ஒரு வாரத்தில் அவனே நம்ப ஆரம்பித்தான். "பொம்பளய அந்த நெலமைல எப்படிங்க வுடறது" என்று டீக்கடையில் அவன் அடக்கமாகச் சொல்வதைப் பாரதி தன் காதால் கேட்டாள். டீ கருகியிருப்பதாக இப்போதெல்லாம் அவன் சொல்வதில்லை. டீ ஓசியில் வந்துகொண்டிருந்தது.

சித்திரையில், போராட்டத்தில் உள்ளே போய் வந்தவர்களுக்கெல்லாம் ஊரில் பாராட்டு வைத்தார் ஆதிமூலம். மருமகனுக்கும் ஒரு பொன்னாடை உண்டு. போராட்ட மனுவில் கையெழுத்துப் போடாதவன் அதே மேடையில் ஏறிக் கழுத்தை நீட்டினான். ஆதிமூலத்துக்கு அது நினைவில்லை, அல்லது நினைத்துப் பார்க்க மனசில்லை. அவர் மைக்கைப் பாரதியிடம் நீட்டி, "அம்மாடி, உன் வூட்டுக்காரரப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லு" என்றார்.

கூட்டம் அவளையே பார்த்தது. அவள் மைக்கைப் பிடித்தாள்.

"அன்னிக்கு இவர் அப்படி பேசலன்னா, எனக்கு இந்த வேலை இல்லங்க" என்றாள்.

சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. குஞ்சம்மாள் கையைத் தட்டினாள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். பாரதி வந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனைத் திட்டித் தீர்க்கக் கடைசியாக இருந்த வழியையும் தன் வாயாலேயே அடைத்துக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த வேலையில் இருக்கும்வரை, ஓய்வு பெற்று வீட்டுக்கு வரும்வரை, இந்த மனுசன் நல்லவன்.

காசிநாதன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் சாய்ந்தான்.

"இன்னிக்குத்தான் ஒரு விசயத்த சரியா புரிஞ்சிக்கினு பேசியிருக்க" என்றான்.